கோட்டின் மறுபாதி

இரண்டு டேப்லெட்டுகளை ஒட்டி வைக்க வேண்டும். ஒருவர் தன்னுடையதில் பேனாவால் விளிம்புவரை கோடு இழுக்க, அடுத்தவர் தன்னுடையதில் அந்தக் கோட்டைத் தொடர்ந்து முடிக்க வேண்டும். கோடு பொருந்தினால் இரண்டும் இணைந்துவிடும். இதைச் சோதிப்பதுதான் என் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் மேனேஜருக்குத் தெரியாது.

என்னோடு வேலை பார்த்த சோடாபுட்டி வேறு கட்டடத்துக்கு மாற்றலாகி நான்கு மாதம் ஆகிறது. "ரெண்டு நாள்ல ஆள் தரேம்மா" என்றார் மேனேஜர். மூன்று முறை கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். வலது கையால் ஒரு பாதி, இடது கையால் மறுபாதி என்று நானே வரைய ஆரம்பித்தேன். படிவத்தில் இரண்டாம் ஆளுக்கான கட்டத்தைக் காலியாக விட முடியாது. 'தங்கச்சி' என்று போட்டேன். எனக்குத் தங்கை கிடையாது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த அறையில் அதைப் பார்ப்பது ஆறுதலாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை வாடிக்கையாளர் முன்னால் மேனேஜரும் இன்னொருவரும் வரைந்து காட்டியிருக்கிறார்கள். இணையவே இல்லை. மேனேஜர் விறுவிறுவென்று என் அறைக்கு வந்தார்.

"யாரும்மா அந்தத் தங்கச்சி? கூப்பிடுங்க."

"நான்தான் சார். இடது கை."

என் இரண்டு கைக்கும் ஒரே வேகம், ஒரே சாய்வு. நான்கு மாதமாக அந்தக் கோடுகளையே பொருத்தத்துக்கு அளவாக வைத்துவிட்டோம். என்னைத் தவிர வேறு யாரையும் அது சேர்த்துக்கொள்ளவில்லை.

"நாலு மணிக்கு திரும்ப காட்டணும். சேரலேன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு. வரைங்க" என்று எதிரில் உட்கார்ந்தார்.

வரைந்தோம். சேரவில்லை.

"உங்க கோடு என்ன சார், பஸ் பிடிக்கவா ஓடுது?"

"எங்க வீட்லயும் இதத்தான் சொல்றாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பே எனக்குப் புதிதாக இருந்தது.

அந்த அளவில் எந்த எண்ணைத் தளர்த்தினால் சேரும் என்று ஆறாவது தடவையே தெரிந்துவிட்டது. பதினேழாவது தடவை வரை நான் அதைத் தொடவில்லை. வேலை போனாலும் போகட்டும், இவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும் என்று தோன்றியது.

மூன்றரைக்கு அவர் கோட்டுக்குக் கோடு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பாவமாக இருந்தது. எண்ணை மாற்றினேன். அடுத்த கோட்டிலேயே இணைந்துவிட்டது.

"அப்பாடா" என்று எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இனிமே யார் வரைஞ்சாலும் சேருமே, உங்களுக்கு ரெண்டாவது ஆளே வேண்டாம்மா."

நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னார்.