கொர்னலன் கொடியில் இரண்டாவது குலை

சுவிட்சர்லாந்தின் சியேர் நகருக்கு மேலே, கால் வழுக்கும் சரிவில், சிவநேசன் இலைகளை விலக்கிக் குலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் வெயில் கல்மதிலில் பட்டு முதுகைச் சுட்டது. வலே மாநிலத்துச் சிவப்பு வைனுக்கான கொர்னலன் திராட்சை ஒரு வருடம் அள்ளிக் கொடுக்கும், மறு வருடம் கையை விரிக்கும். காய்க்கிற வருடத்தில் கிளைக்கு ஒரு குலையை விட்டு, மற்றதைப் பச்சையிலேயே வெட்டிக் கொட்டவேண்டும். இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு பழம்தான் என்று சட்டம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த மனிதருக்கு முதல் வருடம் அந்த வேலைக்குக் கை வரவில்லை. பிறகு பழகிவிட்டது.

அடுத்த வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த சந்திரமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணை, ரெண்டு குலையையும் விடுறியள். மறந்து போச்சோ?"

"இல்லைப் பிள்ளை. இந்தப் பக்கம் ரெண்டையும் விடச் சொல்லி முதலாளிதான் காலமை சொன்னவர். போன வரியம் ஒண்டும் காய்க்கேல்லை எல்லோ."

"பிடிபட்டால்?"

"அது அவரின்ரை பாடு. எனக்குக் கடிதம் வேணும்."

சிவநேசன் இரண்டாயிரத்து ஒன்பதில் வந்தவர். ஆறு வருடமாக எஃப் விசா, தற்காலிக அனுமதி. வதிவிட அனுமதியான பி விசா கிடைத்தால்தான் மனைவி தில்லைநாயகியை இங்கே எடுக்கலாம். அதற்கு, நல்ல வேலையாள், பிரெஞ்சு தெரியும் என்று முதலாளி ரெய்மோன் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். அதற்காகவே இரண்டு வருடம் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், வினைச்சொற்களைக் கொடிகளுக்கே ஒப்புவித்துப் படித்திருந்தார்.

மூன்றாம் நாள் மாநில அலுவலர் ஒருவர் வந்து குலைகளை எண்ணினார். முகம் சுருங்கியது.

"ஒன்றைத்தான் விடச் சொன்னேன்" என்றார் ரெய்மோன், கூசாமல். "இந்த ஆளுக்கு மொழி விளங்காது. நான் என்ன செய்ய?"

அலுவலர் சிவநேசன் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார். "இரண்டை விடச் சொன்னது உங்கள் முதலாளியா?"

ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பயத்தில் நாக்கு ஊருக்குப் போய்விட்டது.

"ஓம்" என்றார்.

அலுவலர் புரியாமல் பார்த்தார். ரெய்மோன் சிரித்தார். "பார்த்தீர்களா?"

அதைப் பிரெஞ்சின் 'ஆம்' ஆன 'உய்' என்று திருத்த சிவநேசன் வாயெடுத்தார். ரெய்மோனின் கண் அவர்மேலேயே இருந்தது. கடிதம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். அலுவலர் ஏதோ எழுதிவிட்டு, மேலதிகக் குலைகளை இரண்டு நாளுக்குள் வெட்டிவிடும்படி சொல்லிப் போனார்.

வெள்ளி மாலை, சிவப்பேறத் தொடங்கியிருந்த குலைகள் நிலமெல்லாம் கிடக்க, ரெய்மோன் கடிதத்தை நீட்டினார். சிவநேசன் நின்ற இடத்திலேயே பிரித்து வாசித்தார். கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். ஆனால் பிரெஞ்சில் சொல்லும் எளிய கட்டளையையும் விளங்கிக்கொள்ளமாட்டார். அகராதி தேவைப்படவில்லை.

"அலுவலரிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கடிதத்தில் வேறொன்று எழுத முடியுமா?" என்றார் ரெய்மோன்.

"இரண்டு குலைகளையும் விடும்படி நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள், முசியே." இலக்கணப் பிழை இல்லாத பிரெஞ்சு.

ரெய்மோன் வேனின் கதவைத் திறந்து ஏறினார். கண்ணாடியை இறக்கினார்.

"நாளை காலை" என்றார், காது கேளாதவரிடம் சொல்வதுபோல் உரத்து. பிறகு இரண்டு கைகளையும் வெளியே நீட்டி, ஆறு விரல்களை விரித்துக் காட்டினார்.