மருத்துவ உளவுத் துறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் துறைக்கு இருபத்தைந்து வயது. வெள்ளி விழா மலருக்கு ஒரு பக்க வரலாறு கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் இடமில்லாமல் போனதுதான் இது.

2

'அன்று காலையிலிருந்தே மழை…'

(வேண்டாம். மழை பெய்ததா என்று நான் கேட்கவில்லை.)

பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு போட்டு, அங்கே உளவியல் படித்த ஒரே ஆளான ஒரு அம்மாவை உட்கார வைத்தார்கள். துறைத் தலைவர், விரிவுரையாளர், எழுத்தர் எல்லாம் அவரே. ஒரு வருடத்துக்குள் ஆலோசனைக்கு ஆள் வராவிட்டால் அறை மறுபடி விரிப்புகளுக்கே என்று கல்லூரி முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பெயர்ப் பலகை எழுதியவர் அவசரக்காரர். 'உளவியல்' என்பதில் பாதியை விழுங்கிவிட்டு, 'மருத்துவ உளவுத் துறை' என்று எழுதி மாட்டிவிட்டுப் போனார்.

அதோடு சரி. டாக்டர்கள் அந்த வராந்தாவில் பேச்சைக் குறைத்தார்கள். நர்சுகள் சுற்றுவழியில் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் போய் உட்கார்ந்தால் மேஜை காலியாகும். பலகையை மாற்றக் கேட்டு எழுதிய கடிதம் கிணற்றில் போட்ட கல். எட்டு மாதம், ஆள் வராத எதிர் நாற்காலியைத் தினமும் துடைத்து வைத்தார்.

3

ஒன்பதாம் மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். (இவரை முழுசாக நம்பிவிடாதீர்கள்.) பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்தார்.

"இங்க உளவு பாத்துச் சொல்வீங்களாமே? மார்ல ஆபரேஷன் ஆனதுலேருந்து என் வீட்டுக்காரி சுவத்தப் பாத்தே படுத்திருக்கா. என்னத்தையோ மறைக்கிறா. என்னன்னு கண்டுபிடிங்க."

அந்த அம்மா பலகையைத் திருத்தவில்லை. வார்டுக்குப் போனார். அந்தப் பெண் திரும்பாமலே சொன்னாள்:

"அவருக்குத்தான் என்னைப் பாக்கப் பயம். நான் இப்படிப் படுத்துக்கிட்டா அவர் பாக்க வேண்டியதில்லைல்ல?"

மறுநாள் டிரைவர் ஸ்டூலைச் சுவர்ப் பக்கம், அவள் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். வார்டு நர்ஸ் அதைப் பார்த்தார். அடுத்த வாரம் மூன்று பேரை அனுப்பிவைத்தார். இன்று பதினொரு அறை, இரண்டு மாடி.

4

டிரைவரும் மனைவியும் என் கைச்சரக்கு. முதலில் வந்தது யார் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றுவிட்டார். இருபத்தைந்து வருடமாகக் கேட்டதெல்லாம் அவருக்குள்ளேயே கிடக்கிறது. அவருடைய அக்கா போனில் விசாரித்தாலும் "வேலை நல்லாப் போகுது" என்பதோடு முடிந்துவிடும்.

(பலகை மட்டும் நிஜம். அவர் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.)

5

முடிவு அ: விழாவில் எல்லோரும் எழுந்து கைதட்ட, அவர் கண்கள்… (மலருக்குச் சரி.)

முடிவு ஆ: ஓய்வு பெற்ற மறுநாள், வீட்டில் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டுவிட்டு… (இதை எழுதக் கை வரவில்லை.)

6

நடந்தது இது. கிளம்பும் முன், நீங்கள் பேசினால் யார் கேட்பார்கள் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் என்னை எழுந்து தன் நாற்காலிக்கு வரச் சொன்னார். இத்தனை வருடம் துடைத்து வைத்த அந்த எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

"எழுதாம கேப்பீங்களா?"

பேனாவை மூடினேன். சாயங்காலம் வரைக்கும் பேசினார்.

ஆகவே, முடிவு என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். உளவு பார்க்காதீர்கள்.