பஞ்சுத் தூசி

மெத்தைக் கம்பெனியின் பணியாளர் மேலாளருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் சோப்பு சார். அவர் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். பட்டம் என்று நினைத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

காலையில் கதவு திறந்ததும் எல்லோரும் குழாயடியில் வரிசையாக நின்று கை கழுவ வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். சும்மா நனைத்துக்கொண்டு ஓடுவதெல்லாம் செல்லாது. கம்பெனியின் விளம்பரப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை பாடி முடிக்கும் வரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். தூக்கம் கலையாத தொண்டைகள் ஒன்றாகச் சேர்ந்து, தூங்குவதன் சுகத்தைப் பற்றிப் பாடிக்கொண்டே விரலிடுக்கைத் தேய்க்கும் காட்சியைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

சுவரெல்லாம் போஸ்டர்கள். லிப்ட் வேண்டாம், படியேறு. தண்ணீரை மறக்காதே. இரவில் நேரத்தோடு படு. உடம்பு சரியில்லையா, வீட்டிலேயே இரு. தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில் தும்மு. எல்லாப் போஸ்டரிலும் படமாக நிற்பவர் சோப்பு சாரேதான். தும்மல் போஸ்டரில் அவர் முழங்கைக்கு மேலே எட்டிப் பார்த்துப் புன்னகை செய்தார். உலகத்தில் தும்மும்போது புன்னகைத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

"எனக்குத் தும்மல்னு ஒண்ணு வந்தே பல வருஷமாச்சு" என்பார், மலை உச்சியில் கொடி நட்டுவிட்டு வந்தவர் குரலில். "எப்படி வந்துச்சுன்னுகூட மறந்துபோச்சு."

இதோடு நிறுத்தியிருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும். ஆரோக்கியக் கோப்பை என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். எந்தப் பிரிவில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவர்கள் குறைவோ, அந்தப் பிரிவுக்கு மாதக் கடைசியில் கோப்பை. ஆரோக்கியமானவன் லீவு போட மாட்டான். ஆகவே லீவு போடாதவன் ஆரோக்கியமானவன். இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் கோப்பையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

கோப்பையும் சாமானியக் கோப்பை இல்லை. மஞ்சளாக, இரண்டு காதுகளோடு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு இருந்தது. ஜெயித்த பிரிவினர் ஒவ்வொருவராக அதற்கு முத்தம் கொடுப்பார்கள். பிறகு அதில் பழரசத்தை ஊற்றி, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். டிவியில் பந்தாட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்து யாரோ ஆரம்பித்த பழக்கம். வாசலில் கையை இரண்டு பாட்டு நேரம் தேய்த்தவர்கள் உள்ளே வந்து ஒரே பாத்திரத்தில் வாய் வைத்தார்கள். சோப்பு சார்தான் முதல் ஆளாகக் கைதட்டுவார்.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் யாருக்கும் நோயே வரவில்லை. இருமல் வந்தது. மூக்கு ஒழுகியது. கண் சிவந்தது. நோய் மட்டும் வரவில்லை. கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்.

"தும்மலா? பஞ்சுத் தூசி சார்."

மெத்தைக் கம்பெனியில் பஞ்சுக்கா பஞ்சம். தையல் பிரிவு சொன்னது, நம்பலாம். வெட்டுப் பிரிவு சொன்னது, அதுவும் நம்பலாம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், காகிதத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்த கணக்கரும் மூக்கைச் சிந்திக்கொண்டே பஞ்சுத் தூசி என்றார். சோப்பு சார் தலையாட்டிக்கொண்டார்.

ஒரே ஒருவர்தான் அடங்கவில்லை. ஸ்டோர்ஸ் அதிகாரி. அவருக்கு லீவு மாமா என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் லேசாகத் தொண்டை கரகரத்ததும் வீட்டில் படுத்துவிட்டார். ஸ்டோர்ஸ் கையிலிருந்த கோப்பை நழுவிப் போனது. சோப்பு சார் போனில் காய்ச்சி எடுத்தார்.

"என்ன சார் இது, பொறுப்பில்லாம?"

"உடம்பு சரியில்லைன்னா வீட்லயே இருன்னு உங்க போஸ்டர்லதானே சார் போட்டிருக்கு?"

"போஸ்டர்ல போட்டது பொதுவாச் சொன்னதுய்யா. அதுக்காக நிஜமாவே வீட்ல இருந்துடுறதா?"

லீவு மாமாவைக் கொள்கை வீரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்றைக்கு டிவியில் மேட்ச்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பொது மேலாளர் நாற்காலி காலியானது. கோப்பை விழாவன்று பெயரைச் சொல்வதாக முதலாளியம்மா அறிவித்தார். சோப்பு சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களைத்தான் மனசுல வச்சிருக்கேன்" என்றும் சொல்லிவிட்டார். சாருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றே போய்ப் புதுக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு சார்" என்றார் முதலாளியம்மா. "என் பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு. விழா முடிஞ்சதும் நேரா அங்கதான் போறேன். சளி, தும்மல் இருக்கிறவங்க கிட்ட நெருங்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. நம்ம ஃபேக்டரிக்கு நான் வரலாமா?"

"மேடம்! நம்ம ஃபேக்டரி மாதிரிச் சுத்தமான இடம் ஆஸ்பத்திரியிலகூடக் கிடையாது."

விழா நாள் காலை. சோப்பு சார் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மூக்கின் அடியில் ஏதோ ஒன்று கிச்சுக்கிச்சு மூட்டியது. பழைய சிநேகிதன் முதுகில் தட்டியதுபோல, யார் என்று அவர் யோசிப்பதற்குள் வெடித்தது. கண்ணாடி முழுக்கப் பற்பசைப் புள்ளி.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, தும்மலா?"

"தும்மலா? எனக்கா? பஞ்சுத் தூசிம்மா."

"நம்ம பாத்ரூமுக்குப் பஞ்சு எங்கேருந்து வந்துச்சு?"

"சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"நீங்க இன்னும் சட்டையே போடலையே."

அவர் சட்டையைப் போட்டார்.

"ஊருக்கெல்லாம் வீட்ல இருன்னு சொல்றீங்கல்ல, இன்னிக்கு ஒரு நாள் இருங்களேன்."

"இன்னிக்கா? இன்னிக்கு மட்டும் நான் போகலைன்னா அந்த நாற்காலியில வேற எவனாவது உக்காந்துடுவான். தும்மல்னா என்ன, மூச்சை அடக்கினா அடங்கிட்டுப் போகுது."

தும்மலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தும்மலை விழுங்கியிருந்தார். விழுங்கியதெல்லாம் உள்ளே எங்கோ கூடிப் பேசுவதுபோல் இருந்தது. அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். வாசலில் முதலாளியம்மாவின் கார் வந்து நின்ற சத்தமும் நான்காவது தும்மலும் ஒன்றாகப் புறப்பட்டன. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முழுக்க ஆட்கள். சத்தத்தை எங்கே ஒளிப்பது? மேஜை மேல் கோப்பை இருந்தது. முழங்கை என்று ஒன்று தனக்கும் இருப்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகமில்லை. முகத்தை அப்படியே கோப்பைக்குள் கவிழ்த்தார்.

கோப்பை மணி மாதிரி முழங்கியது.

தையல் பிரிவின் தலைவி, எல்லோருக்கும் அக்கா, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சார் சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. கோப்பை ஸ்டிராங்கா இருக்கான்னு பார்த்தேன்."

"தலையாலயா சார்?"

அவர் பையிலிருந்த கைக்குட்டையால் கோப்பையைத் துடைத்தார். காலையிலிருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அதே கைக்குட்டை. அக்கா கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கூடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். மெத்தை உறைமேல் தூசி விழக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். லீவு மாமா மட்டும் கடைசி ஜன்னலைத் தன் இஷ்டத்துக்குத் திறந்துவிட்டு, அதன் ஓரமாகச் சாய்ந்திருந்தார். கூட்டத்தின் முகங்கள் விசித்திரமாக இருந்தன. ஒருவர் உதட்டைக் கடித்தார். ஒருவர் மூக்கு நுனியைக் கிள்ளினார். கணக்கர் கூரையைப் பார்த்து வாயைப் பிளந்து, எதுவும் வராமல் மூடினார். பக்தியோடு பேச்சைக் கேட்கிறார்கள் என்று முதலாளியம்மா நெகிழ்ந்துபோனார்.

கோப்பை தையல் பிரிவுக்கு. முத்தம் கொடுப்பதற்கு முன்பே யாரோ பழரசத்தை ஊற்றினார்கள். அக்காவுக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"இந்தத் தடவை முதல் வாய் மேடம்தான் குடிக்கணும்!"

கூடம் அதிர்ந்தது. "மேடம்! மேடம்!"

"ஐயையோ, எனக்கெதுக்கு?" என்று கூச்சப்பட்டவர், கைதட்டல் ஓயாததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, ஒரே ஒரு வாய். குடிச்சிட்டுப் புதுப் பொது மேலாளர் பேரைச் சொல்றேன்." சோப்பு சாரைப் பார்த்து ஒரு கண்ணசைப்பு. இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கினார்.

சோப்பு சாருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு மடக்கு பழரசம்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். திறந்தாலே ஐந்தாவது வெளியே வந்துவிடும் என்பதால் திறக்காமல் இருக்க நியாயமும் இருந்தது. புதுக் கோட்டின் பொத்தானைத் திருகினார். அப்போதுதான் முதலாளியம்மாவின் கைப்பையைக் கவனித்தார். அதிலிருந்து ஒரு கம்பளிக் காலுறை எட்டிப் பார்த்தது. அவர் கட்டைவிரல்கூட நுழையாது. அவ்வளவு சின்னது.

"மேடம், வேண்டாம்!"

பாய்ந்த வேகத்தில் கோப்பையின் ஒரு காது அவர் கைக்கு வந்தது. பழரசம் முழுக்கக் கோட்டுக்கு வந்தது.

"என்ன சார் இது?"

"நான்... நான் அதுக்குள்ள தும்மிட்டேன் மேடம்."

சொல்லி முடித்ததும் முகத்தைத் திருப்பி முழங்கை மடிப்பில் புதைத்தார். வந்தது. விழுங்கி வைத்த அத்தனையும் வட்டியோடு வந்தது. போஸ்டரில் இருந்த புன்னகை மட்டும் வரவில்லை.

தலைவரே தும்மிவிட்ட பிறகு கட்சி எதற்கு அடக்க வேண்டும்? தையல் அக்கா தும்மினாள். "மன்னிச்சுக்குங்க சார், எனக்கும் நாலு நாளா இதேதான்." வெட்டுப் பிரிவு மொத்தமாகத் தும்மியது. பேக்கிங் பிரிவு பதில் தும்மியது. "எங்க ரூம்ல பஞ்சே கிடையாது சார்!" என்று கத்திவிட்டுக் கணக்கர், பல வாரம் சேர்த்து வைத்திருந்ததை விடுவித்தார். ஒருவர் தும்ம இன்னொருவர் சிரிக்க, சிரித்தவர் தும்ம, பட்டாசுக் கட்டுக்குத் தீ வைத்ததுபோல் ஆனது கூடம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை பேரும் முழங்கை மடிப்பில்தான் தும்மினார்கள். சோப்பு சாரின் பயிற்சி வீண்போகவில்லை.

முதலாளியம்மா பின்னோக்கி நடந்தே வாசலுக்குப் போயிருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். திறந்த ஜன்னலோரம் சும்மா நின்ற ஓர் உருவத்தில் அவர் பார்வை நின்றது.

"நீங்க மட்டும் ஏன் தும்மலை?"

"நான் போன வாரமே தும்மி முடிச்சிட்டேன் மேடம்" என்றார் லீவு மாமா. "வீட்ல."

"நீங்கதான் பொது மேலாளர்."

"ஐயோ, நானா? ரொம்ப வேலை இருக்குமே மேடம்."

"இப்போதைக்கு ஒரே வேலைதான். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க. அந்தக் கோப்பையைப் பழைய இரும்புக்குப் போடுங்க."

அப்புறம் அவர் சோப்பு சார் பக்கம் திரும்பினார். பழரசம் சொட்டச் சொட்ட, அசடு வழிய நின்றவரைப் பார்த்துக் குரல் தணிந்தது. "பாப்பாவை ரெண்டு நாள் போன்லயே பார்த்துக்கறேன். அவ வளர்ந்ததும் முதல்ல உங்க கதையைத்தான் சொல்லுவேன் சார்." குழாயடியில் நின்று, விளம்பரப் பாட்டை இரண்டு தடவை சத்தமாகப் பாடிக் கை கழுவிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

மறுநாள் மதியம் சோப்பு சார் வீட்டில் படுத்திருந்தார். வேலை நாளில், வெயில் அடிக்கும் நேரத்தில், போர்வைக்குள். பக்கத்தில் வெந்நீர். இத்தனை வருஷத்தில் முதல் லீவு. தன் கம்பெனி மெத்தை நடுவில் கொஞ்சம் பள்ளம் விழுகிறது என்பதையும் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார். அந்தப் பள்ளம் அவருக்கென்றே அளவெடுத்ததுபோல் சுகமாக இருந்தது. மாலைக்குள் மூக்கு திறந்துவிட்டது. அதற்கடுத்த நாள் தொண்டையும் தெளிந்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போன் வந்தது. புதுப் பொது மேலாளர்.

"சார், உடம்பு எப்படி இருக்கு? நாளைக்கு வர்றீங்களா? ஒண்ணும் அவசரமில்லை. முழுசாச் சரியாகாம வராதீங்க. உங்க போஸ்டர்தான் சார் இப்ப சட்டம்."

சோப்பு சார் யோசித்தார். போர்வையைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுநாள் மேட்ச் இருந்தது. மூச்சை இழுத்து, கண்ணை மூடி, போன் பக்கமாக ஒரு தும்மலைத் தும்மினார். பழகாத தொழில், கொஞ்சம் நாடகத்தனமாகத்தான் வந்தது.

"ஐயோ, படுத்துக்குங்க சார், படுத்துக்குங்க" என்று போன் வைக்கப்பட்டது.

வாசற்படியில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"என்னங்க," என்றாள், "பஞ்சுத் தூசியா?"