தலைமாட்டுத் தலைப்பாகை

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. எங்கள் பூர்சா நகரத்தில் சுல்தான் குடும்பத்துக் கல்லறைகள் நிறைய உண்டு. இளவரசன் தாவூதின் கல்லறைக்கு மட்டும் பனிக்காலம் முடிந்ததும் பெண்கள் துணி கொண்டுபோகிறோம். ஏன் என்று சொல்கிறேன்.

கலகக்காரன் என்று பழி சுமத்தித் தாவூதைக் கொல்லச் சொன்னது அவனுடைய அண்ணன்தான். வேறு தாய்க்குப் பிறந்தவன். அரியணை ஏறியவன் தம்பிகளை விட்டுவைக்காத காலம் அது. அரச ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாதாம். அதனால் வில்லின் நாணைக் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள். என்ன மரியாதை பாருங்கள்.

உடலை வாங்கிவந்த தாய் மிஹ்ரிநாஸ் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. கொத்தனார் கிரிகோரைக் கூப்பிட்டு, ஒரு வரி கல், மூன்று வரி செங்கல் என்று எட்டுப்பட்டைச் சுவர் எழுப்பச் சொன்னாள். உள்ளே நீல ஓடு. குவிமாடத்தின் உச்சியை மட்டும் மூடவேண்டாம் என்றாள். மகன்மேல் கிடக்கும் மண்ணில் மழை விழவேண்டும். தலைமாட்டில் மரக்கட்டை நட்டு, அவன் தலைப்பாகையை அதில் வைத்தாள். எங்கள் இளவரசர்களுக்கு அதுதான் அடையாளம். அது இல்லையென்றால் உள்ளே கிடப்பவன் யாரோ எவனோ.

தலைநகரத்துக்கு அது பொறுக்கவில்லை. கலகக்காரனுக்குத் தலைப்பாகை எதற்கு, எடுத்து வா என்று காவல் தலைவன் ஃபெர்ஹாத்தை வீரர்களோடு அனுப்பினார்கள். சின்ன வயதில் தாவூதோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் அவன்.

மிஹ்ரிநாஸ் வாசலில் நின்றாள். "செத்தவன் தலைப்பாவக் கழட்ட இத்தன பேராடா? எந்திரிச்சு வந்துருவான்னு பயமா?"

"வழிய விடுங்கம்மா. எந்தல போயிரும்."

"போ, எடு. ஒன் நிக்காவுக்குத் தலைப்பா கட்டிவிட்டது அவன்தான். ஞாபகம் வச்சுக்கிட்டு எடு."

தரையைப் பார்த்தபடியே போய் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். குதிரைமேல் ஏறப்போனவன் திரும்பிப் பார்த்தான். மிஹ்ரிநாஸ் தன் வெள்ளை முக்காட்டை உருவி, அந்த மரக்கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நரைத்த கூந்தல் தோளில் கிடந்தது.

அவனும் வீரர்கள் அத்தனை பேரும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பழைய சுல்தானின் மனைவி அவள். அவளுடைய திறந்த தலையை அந்நியன் பார்த்தால் கண் போகும். தலையில் கிடந்த துணியைத் தொட்டால் கை போகும். ஓட்டு வேலை முடியாமல் அங்கேயே இருந்த கிரிகோரும் சுவரைத்தான் பார்த்து நின்றான், ஆனால் சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது.

"ஃபெர்ஹாத், இதையும் எடு."

"அம்மா, முக்காடு போட்டுக்கங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"அத எம்புள்ள கட்டியிருக்கான். நான் இப்படியேதான் தெருவுல நடந்து வீட்டுக்குப் போவேன், நீங்க சுவரப் பாத்துக்கிட்டே போங்க. ஒங்க சுல்தானுக்கு நான் சின்னம்மா. அவன் ஒருத்தன்தான் இதத் தொடலாம். வந்து எடுக்கச் சொல்லு. எங்கண்ணு முன்னாடி எடுக்கச் சொல்லு."

சுல்தான் வரவேயில்லை.

உச்சி திறந்த குவிமாடம் அல்லவா, மழையிலும் பனியிலும் துணி நைந்துபோகும். ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் தன் தலையிலிருந்தே எடுத்துச் சுற்றினாள். அவளுக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள். இந்த வருஷம் என் தலையில் இருக்கிறதே, இதுதான் போகிறது.