கனகசுந்தரத்தின் அந்தி

பத்மாவதியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், காலை பத்து மணியளவில், அவள் கணவர் கனகசுந்தரத்தைச் சுற்றி மட்டும் பொழுது சாய்ந்தது. அது 1979ஆம் ஆண்டு. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் அன்று நல்ல வெயில். துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அவர் சமையலறை மேசையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் எட்டும் தூரம்வரை அவரைச் சுற்றி மாலை மங்கிய வெளிச்சம் படிந்திருந்தது. அதற்கு அப்பால் காலை வெயில் வழக்கம்போல் தரையில் கிடந்தது. மருமகள் ஞானாம்பிகை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். பிறகு விளக்கைப் போட்டாள். அது சாயங்காலம் ஏற்றிய விளக்காகத் தெரிந்ததே தவிர, மங்கல் குறையவில்லை. அவர் எழுந்து கூடத்துக்குப் போனபோது அந்தியும் கூடவே போனது. இரவில் மட்டும் அது ஊர் இருட்டோடு கலந்து காணாமல் போகும். விடிந்ததும் அவர் மேல் திரும்ப வந்து நிற்கும்.

ஊர் அதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. டத்தோ கிராமாட் சாலையில் அவர் நடந்து போனால் எதிரே வரும் கார்கள் முன்விளக்கைப் போட்டுக்கொள்ளும். கோயிலுக்குள் அவர் நுழைந்ததும் மடப்பள்ளி ஆள் சாயரட்சைக்கு மணியடித்தது ஒருமுறைதான் நடந்தது. அப்புறம் அவனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். பாசாரில் பூ விற்ற ஜெயலெட்சுமி மட்டும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கலா ஐயா, என் மொட்டெல்லாம் விரிஞ்சிடுது" என்று கேட்டுக்கொண்டாள். அவரும் தள்ளி நின்றார். அந்தியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதற்குள் இருக்கும் மனிதர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தூக்கம் கெட்டது. பேப்பர் வாங்குவதை நிறுத்தினார், கண்ணுக்குத் தெரியவில்லை என்று காரணம் சொன்னார். அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்காளராக இருந்த மகன் அம்பிகைபாகன் அவரைத் தனியார் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனான். வயதானால் எல்லோருக்கும் கொஞ்சம் இருட்டத்தான் செய்யும் என்று சொல்லி அந்த டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். உறவினர்கள் கயிறு கட்டினார்கள், திருநீறு போட்டார்கள். மனநோய் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று ஒரே ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பேர் வெளியே தெரிந்தால் பேத்திக்குச் சம்பந்தம் அமையாது என்று பயந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பின்னறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவுக்குக் கீழே மங்கல் கசிந்ததைப் பாய் போட்டு மறைத்தார்கள். கல்யாணம் நடந்தது. வருஷங்கள் போயின.

1984இல், தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் இன்னும் கட்டி முடியாத காலம், கனகசுந்தரம் யாரிடமும் சொல்லாமல் ஒரு நண்பகலில் பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் ஏறினார். ஃபெர்ரியில் வேலை செய்த சிக்கந்தர் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தான். கூட்டத்துக்கு நடுவே ஒரு அந்தி மெதுவாகப் பின்பக்கக் கம்பிவரை போனதையும், அங்கே நின்று பாதி தண்ணீரின் மேல் சாய்ந்ததையும் அவன் பார்த்தான். வேறொருவராக இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார். "சுத்தி வெயிலு, அந்த இடத்துல மட்டும் கடல் கறுத்துப் போச்சு. எனக்கு மனசு கேக்கல, இறங்கிப் போனேன்" என்று பிற்பாடு சொன்னான். கீழே பெரியவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு, கண்ணாடியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிக்கந்தர் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டு, சூடாக ஒரு கிளாஸ் தே ஆயர் குடிப்போமா என்றான். அதே ஃபெர்ரியில் திரும்பி வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. கரையில் இறங்கியதும் தானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மகனுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, அவன் வரும்வரை பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருந்தான்.

மனநலப் பிரிவில் அவரைச் சில வாரங்கள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். இது மனச்சோர்வு, வயதினால் வருவதில்லை, மருந்துக்குக் கேட்கும் என்று டாக்டர் அம்பிகைபாகனிடம் சொன்னார். ஆனால் இந்த வயதுக்காரர்களுக்கென்று தனியாக இங்கே எதுவும் இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பிரிவில் சபூரா என்று ஒரு தாதி இருந்தாள். வயதானவர்கள் ஒருதடவை வந்துவிட்டு மறுபடி வராமல் போவதை அவள் கவனித்திருந்தாள்: பஸ் ஏற முடியாது, பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது, அக்கம்பக்கத்தில் பார்த்துவிடுவார்கள். அவர்கள் வராவிட்டால் நாம் போகலாமே என்று மேலதிகாரிகளிடம் கேட்டுக்கேட்டு அனுமதி வாங்கினாள். முதலில் போனது கனகசுந்தரத்தின் வீட்டுக்கு. அந்திக்குள் நாற்காலியைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள், சற்று நேரத்தில் அந்திநேரத்து மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று பதறி எழுந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் காலை பதினொரு மணி. அவள் சிரித்தாள். கனகசுந்தரமும் சிரித்தார். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஞானாம்பிகை அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்து பார்த்தாள்.

சபூரா வாராவாரம் வந்தாள். மருந்து வேலை செய்தது. மங்கல் வெளுத்து, விடியற்காலைபோல ஆகி, ஒருநாள் அவர் முகத்தில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. அடுத்த மாதமே அந்தி பழையபடி கெட்டியானது. அவர் மாத்திரையை விழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே போட்டு வந்திருக்கிறார் என்று சபூராவுக்குத் தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. ஏன் அங்கிள் என்று மட்டும் கேட்டாள். அது ஞாயிற்றுக்கிழமை, அம்பிகைபாகன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். கனகசுந்தரம் வெளியே வாசல் கேட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் வேலையால வீட்டுக்கு வாற நேரம் இதுதான் பிள்ளை. அத்தனை வருசமும் அவ இந்த வெளிச்சத்திலதான் என்னைப் பார்த்தவ. கேட்டடியில நிப்பா. இது போச்செண்டா அவ என்னை எப்பிடி அடையாளம் பிடிப்பா?"

பதில் சொன்னது அம்பிகைபாகன். ஐந்து வருஷமாகத் தகப்பனின் அந்திக்குள் அவன் கால் வைத்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட எட்ட நின்றே நீட்டுவான். இப்போது உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். அந்த வெளிச்சம் பட்டதும் அவன் குரல் மாறிப்போனது.

"நானும் அவவோட கேட்டில நிண்டனான் அப்பா."

"ஓம்," என்றார் கனகசுந்தரம். "காற்சட்டை இல்லாமல் நிப்பாய்."

இருவரும் அழுதார்கள். பத்மாவதி இறந்தபோதுகூட அவர்கள் சேர்ந்து அழுததில்லை. அவர்கள் ஓயும்வரை சபூரா காத்திருந்தாள். பிறகு, "முழுசா போக வேணாம் அங்கிள். மகன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுற அளவுக்கு இருந்தா போதும். டாக்டர்கிட்ட நான் பேசுறேன், நீங்க மாத்திரையைப் போடுங்க" என்றாள். அவர் யோசித்தார். சரி என்றார்.

அதன்பின் அந்தி சுருங்கி ஒரு குடை அளவுக்கு வந்து நின்றது. டாக்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கனகசுந்தரம் பேப்பரைக் குடைக்கு வெளியே நீட்டிப் பிடித்துப் படித்தார். கோயிலுக்கும் பாசாருக்கும் போனார். பாலம் திறந்தபின் மகனின் காரில் அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம் போய்ப் பேத்தியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவர் மடிக்கு வந்ததும் குழந்தை உறங்கிவிடும், ஆகவே பேத்தி அவரை அடிக்கடி வரச் சொன்னாள். எண்பதுகளின் கடைசியில் சபூரா, ஆஸ்பத்திரியில் சாமான் போட்டு வைத்திருந்த ஒரு அறையை ஒழித்து, வயதானவர்கள் வாரம் ஒரு காலை கூடி உட்கார ஏற்பாடு செய்தாள். ஒரு சீனப் பெரியவரின் காதில் ஓயாமல் மழை பெய்தது. நூர் பீவி என்ற அம்மாளுக்குத் தன் வீட்டுக்குப் போகும் வழி தினமும் ஒரு தெரு குறைந்துகொண்டே வந்தது. வெளிச்சத்தில் அவர்கள் யாரும் அதிகம் பேசவில்லை. கனகசுந்தரம் தன் நாற்காலியை நகர்த்தி ஒவ்வொருவர் பக்கத்திலும் போட்டுக்கொள்வார். அந்தி மேலே பட்டதும் அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். அவரும் பத்மாவதியைப் பற்றிச் சொல்வார். ஒரே கதையை இரண்டாம் தடவை சொன்னாலும் கேட்டார்கள்.

1993இல் ஒரு காலை, அந்த அறையிலேயே, மாரடைப்பில் அவர் உயிர் போனது. அம்பிகைபாகன் வந்து உடலை எடுத்துப் போனான். உடலின் மேல் நல்ல பகல் வெளிச்சம் இருந்தது. அந்தி நாற்காலியிலேயே தங்கிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் நாற்காலியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போனபோது அதுவும் போனது, திரும்பிக் கொண்டுவந்து போட்டபோது வந்தது. புதிதாக வந்த ஒரு தாதி, பழைய நாற்காலிதானே, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றாள் சபூரா. வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களை இப்போது முதலில் அதில்தான் உட்கார வைக்கிறார்கள். பொழுது சாய்ந்த இடமாதலால் கொசுத் தொல்லை உண்டு. பக்கத்தில் ஒரு கொசுவத்திச் சுருள் கொளுத்தி வைத்துவிடுகிறார்கள்.