பெரியப்பாவுக்கு வந்த மாலை

மூன்று பேரைக் கொன்ற பிறகுதான் நான் மாட்டினேன்.

முதலில் மணப்பாட்டு மாமா ஒருவர். அப்படி ஒரு மாமா எனக்கு இல்லவே இல்லை, ஆகவே பாவம் குறைவு. அடுத்து சித்தியின் மாமியார். அந்த அம்மாள் ஆறு வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். நான் இன்னொரு முறை அனுப்பி வைத்தேன். தூரத்துச் சொந்தத்துக்கெல்லாம் அரை நாள் விடுப்புதான் என்று மானேஜர் ஜெயசிங் சார் கறாராகச் சொல்லிவிட்டதால், மூன்றாவதாக என் சொந்தப் பெரியப்பா ஹென்றியைக் கொல்ல வேண்டியதாயிற்று.

எல்லாம் எதற்கு? இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு, பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கு.

என் பெயர் டயானா. வயது இருபத்தாறு. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. வருகிற கப்பலுக்குக் காகிதம் தயார் செய்வது என் பொறுப்பு. ஓர் எண் பிசகினால் கன்டெய்னர் இறங்காது. கன்டெய்னர் இறங்காவிட்டால் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் என்று மூன்று ஊரும் சேர்ந்து என்னைத் திட்டும். போன பிப்ரவரியில் ஒரு நாள், பட்டப்பகலில், பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். ஈசிஜி எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது, கேஸாக இருக்கும் என்றார்கள். என் அம்மா மெட்டில்டா இஞ்சியும் பூண்டும் தட்டி மூன்று மாதம் வாயில் ஊற்றினாள். கேஸ் போயிற்று, இறுக்கம் போகவில்லை.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஊழியர்களின் மனநலத்துக்காக ஓர் ஆப் வாங்கி எல்லார் போனிலும் ஏற்றியது. ‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்று சொல்லிக்கொண்டு அது தினமும் ஒரு யோசனை அனுப்பும். ‘கடற்கரையில் பத்து நிமிடம் நடங்கள், அலைகளைப் பாருங்கள்.’ எனக்குக் கடல் என்றால் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்கள். ஒவ்வொரு கப்பலும் ஒரு போன். அதைப் பார்த்தால் நெஞ்சு தளருமா? எனக்கென்றே தயாரித்த அந்த யோசனை பக்கத்து மேஜை ரெக்ஸுக்கும் வந்தது, வாட்ச்மேன் இசக்கியப்பன் அண்ணாச்சிக்கும் வந்தது.

“மழ பேஞ்சா கடல் தண்ணி வீட்டுக்குள்ள வருதுன்னு நான் தூங்காமக் கெடக்கேன். என்னையப் போயி அலையப் பாருன்னு சொல்லுதான்” என்று அண்ணாச்சி போனையே திட்டினார்.

தூத்துக்குடியிலும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இங்கே செருப்பைக் கழற்றுவதற்குள் ‘மெட்டில்டா மவதானே நீ?’ என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். பஸ் ஊருக்கு வெளியே இருக்கிற புதுக்கோட்டையைத் தாண்டிவிட்டால் நான் யாரோ. அதனால்தான் பாளையங்கோட்டை.

டாக்டர் பெயர் அருணாசலவடிவு. பெயரைக் கேட்டு அறுபது வயதை எதிர்பார்த்துப் போனேன். என்னைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. எந்த போன் அடித்தால் இறுக்குகிறது, காலையில் என்ன சாப்பிடுகிறாய், சாப்பிட நேரம் தருகிறார்களா என்று துருவித் துருவிக் கேட்டார். கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார். எனக்கு இன்னும் மோசமாயிற்று. உடனே அதை விட்டுவிட்டார்.

“ஒனக்கு இது சரிப்படல. வேற என்ன செஞ்சா மனசு அதுல போவும்?” என்றார்.

யோசித்துவிட்டு, கன்டெய்னர் கணக்கு என்றேன். கன்டெய்னர் மேல் எழுதியிருக்கும் எண்ணில் கடைசி இலக்கம் சும்மா போட்டதல்ல. முன்னால் உள்ள எழுத்தையும் எண்ணையும் பெருக்கிக் கூட்டி வகுத்தால் மீதியாக அந்த இலக்கம் வர வேண்டும். வராவிட்டால் எண் தப்பு. எல்லாரும் கம்ப்யூட்டரில் போடுவார்கள். நான் மனதிலேயே போடுவேன்.

“அப்ப அதப் போடு. ஒங்க ஊரு ரோடு பூரா லாரிதான ஓடுது” என்றார் டாக்டர். காலை இட்லிக்குப் பிறகு ஒரு மாத்திரையும் எழுதித் தந்தார்.

இதுதான் எனக்கென்றே தயாரித்த வைத்தியம். இரண்டு முறை போய் வந்ததிலேயே பழைய பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று பஸ் ஏறினேன். ‘நடுவுல விட்டுராத’ என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புதன்கிழமையை விடுவதாக இல்லை நான். ஆகவே மூன்றாவது புதனுக்குப் பெரியப்பா.

இந்த ஊரில் பிறந்தும் ஒன்றை மறந்துபோனேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்தான் போவோம். சாவுக்குக் கூப்பிடாமலே போவோம்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குத் தெருவுக்குள் நுழைகிறேன், வீட்டு முன்னால் ஆபீஸ் வேன். ஜெயசிங் சார் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறார். ரெக்ஸ் ஓர் ஆள் உயர ரோஜா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்க்கிறான். மாலை அவனைவிட அகலம். வாசலில் லுங்கியோடு, கையில் காபி டம்ளரோடு, பெரியப்பா.

“ஏளா டயானா, நான் எப்பளா செத்தேன்?” என்றார்.

அம்மா உள்ளே இருந்து ஓடி வந்தாள். “சார், பிள்ளைக்கு வயித்து வலி சார். வெளிய சொல்லக் கூச்சப்பட்டு...”

“வயித்து வலி இல்ல” என்றேன். “மனநல டாக்டரப் பாக்கப் போனேன். மூணு தடவையும் அதுக்குத்தான்.”

தெருவே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது. ஜெயசிங் சார் பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு ஆபீஸ்ல பேசுவோம்” என்று வேனில் ஏறினார்.

அம்மா அன்று முழுக்க அழுதாள். ஊருக்குத் தெரிந்தால் எவன் பெண் எடுப்பான் என்றாள். தெரிந்து எடுக்கிறவன் எடுக்கட்டும் என்றேன். பெரியப்பாவுக்கு என் நோயைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை. “கொல்லுததுக்கு ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா?” என்பதுதான் அவர் வருத்தம். ரெக்ஸ் போட்டுவிட்டுப் போன மாலையை மாதா படத்துக்குச் சாத்தினார். படம் முழுக்க மறைந்துவிட்டது.

மறுநாள் ஜெயசிங் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை. அதுதான் சிரமம்.

“அடுத்த மாசம் ஒன்னைய நிரந்தரம் பண்ணணும்னு எழுதி வச்சிருக்கேன். மனநலம்னு ஒரு வார்த்த பேப்பர்ல ஏறிச்சின்னா, கப்பல ஒன்னைய நம்பி எவம்மா குடுப்பான்? வயித்து வலின்னு எழுதிக் குடு. மாசம் ரெண்டு தடவ, நான் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுதேன். இல்லன்னா கம்பெனி போன்ல ஏத்துன ஆப்பு இருக்குல்லா, அதப் பாரு.”

நெஞ்சு இறுக ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே கேட்டில் ஒரு லாரி நின்றது. முதுகில் பச்சைக் கன்டெய்னர். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். பெருக்கினேன், கூட்டினேன், வகுத்தேன். ஏழு வந்தது. கன்டெய்னரிலும் ஏழு. மூச்சு இறங்கியது.

“இப்ப நான் அதத்தான் பாத்தேன் சார். என் டாக்டர் சொல்லிக்குடுத்தது. இந்த ஆபீஸ்ல தப்பு நம்பர மனசுலயே கண்டுபிடிக்கிற ஒரே ஆளு நான்தான். அந்த மனசுக்குத்தான் வைத்தியம் பாக்கேன்.”

“யாரும்மா இல்லன்னு சொன்னா? எழுத்துல மட்டும்...”

“வயித்து வலின்னு எழுதுனா, அடுத்து வாரவளும் வயித்து வலின்னுதான் எழுதணும். போதும் சார். இனிமே நான் யாரையும் கொல்லுததா இல்ல.”

விடுப்புப் படிவத்தை இழுத்து டிசம்பர் வரைக்கும் உள்ள புதன்கிழமைகளை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், கையெழுத்து நடுங்காமல், ‘மனநல மருத்துவரைப் பார்க்க’ என்று எழுதி மேஜையில் வைத்தேன். ஜெயசிங் சார் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. படிவத்தின் மேல் பேப்பர் வெயிட்டை வைத்தார்.

பத்து நாளில் ஆபீஸ் முழுக்கத் தெரிந்தது. டீ நேரத்தில் நான் போனால் பேச்சு நின்றது. நிற்கட்டும் என்று நானும் அங்கேயே நின்று, டீயை ஆற அமரக் குடித்தேன்.

அடுத்த புதன் வந்தது. படிவம் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது. ஒன்பதே காலுக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு சாரின் கண்ணாடி அறைக்கு முன்னால் போய், “போயிட்டு வாரேன் சார்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் காத்திருக்கவில்லை. நிரந்தரம் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். பதினொரு மணி எனக்காக நிற்காது.

கேட் வரைக்கும் ரெக்ஸ் பின்னாலேயே வந்தான். போன வருடம் ஒரே அத்தைக்கு இரண்டு முறை துக்க விடுப்பு எடுத்தவன் அவன். ஆபீஸே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏளா, அந்த டாக்டர் வெள்ளிக்கிழமயும் பாப்பாவளா?”

பஸ் வந்துவிட்டது.

“பாப்பாவ. வா” என்றேன். “ஆனா அத்தைய விட்டுரு.”