பதினொரு பூக்களில் ஓர் இதழ் குறைவு

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் நான் எழுதிய ஒரு பொய். ஞாயிற்றுக்கிழமை என் மகன் பிரேமின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எங்கள் குடும்பத்துக் குழந்தைகள் எல்லாம் போட்ட அதே லேஸ் வைத்த சட்டையைத்தான் அதுவும் போடும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த லேஸைப் பற்றி நான் ஒரு கதை வாசிக்க வேண்டும் என்பது யேசுதாஸ் அண்ணனின் கட்டளை. எழுதியும் விட்டேன்:

‘சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பு வீட்டு ஜன்னலோரம் அம்மா ஒற்றை ஊசியால் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். சுரங்கத்தில் அப்பாவுக்கு அடிபட்ட செய்தி வந்தது. கை நடுங்கியது. ஒரு பூவில் ஓர் இதழ் விட்டுப்போய்...’

(நன்றாக இருக்கிறதல்லவா? எனக்கே கண் கலங்கியது.)

2

அண்ணன் மனைவி விமலா அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே கேட்டார்.

“ஊசியா? இன்னா தம்பி! தலகாணி மேல அட்டைய வச்சி, குண்டூசி குத்தி, நூல் சுத்துன கட்டைங்கள மாத்தி மாத்திப் போட்டுப் பின்றது இது. இருபத்துநாலு கட்டை. ஊசிக்கு இங்க இன்னா வேலை?”

“உங்களுக்கு எப்படி...”

“சட்டைய எடுத்தாந்து எண்ணிப் பாருங்க. எத்தினி பூவுல இதழ் கொறையுது?”

எண்ணினேன். பதினொன்று.

“அப்போ மாமாவுக்குப் பதினோரு தபா அடிபட்டுதா?”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தேன். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தப் பூக்களை எண்ணியதே இல்லை.]

3

அண்ணி பீரோவிலிருந்து ஒரு பழுப்பேறிய அட்டையை எடுத்துவந்தார். துளைகளாலேயே வரைந்த மூன்று பூக்கள்.

“இங்க ஒரு ஓட்டை குத்த மறந்துட்டேன். மூணு பூவும் முடிஞ்சதும் திரும்பவும் இதே அட்டை மேலதான் பின்னணும். அதே தப்பு வந்துகினே இருக்கும்.”

கல்யாணத்துக்கு முன்பு கன்னியர் மடத்தில் கற்றாராம். முதல் பிள்ளை வயிற்றிலிருந்தபோது பின்னினாராம். யார் பாராட்டினாலும் அம்மா, “எங்க வூட்ல பண்ணது” என்பாள். அதில் பொய் இல்லை. அம்மா போனபின் ‘வீட்டில்’ என்பது ‘அம்மா’ ஆகிவிட்டது. என் பங்குக்கு ஓர் ஊசியைச் சேர்த்தேன்.

“நீங்க ஏன் அண்ணி சொல்லல?”

“யாரு கேட்டீங்க?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

4

அண்ணன் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். “அம்மா பேரே இருக்கட்டும்பா. எல்லாரும் அப்டித்தான் நெனச்சிகினு கீறாங்க. விமலா ஒண்ணும் நெனச்சிக்க மாட்டா.”

அண்ணி அட்டையைப் பீரோவில் திரும்ப வைக்கவில்லை. என் நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

முடிவு ஒன்று: அம்மாவின் பெயரை வாசிக்கிறேன். எல்லோரும் அழுகிறார்கள், பிரியாணி செரிக்கிறது.

முடிவு இரண்டு: அண்ணியின் பெயரை வாசிக்கிறேன். அண்ணன் கிறிஸ்துமஸ் வரை என்னிடம் பேசுவதில்லை.

முடிவு மூன்று: சரியான நேரத்தில் குழந்தை வீறிட்டு அழ, வாசிப்பு ரத்து. (கோழைகளுக்கானது. எனக்கு மிகவும் பிடித்தது.)

5

இன்று சனிக்கிழமை. ஊசியை அடித்துவிட்டேன். ஜன்னலையும், நடுங்கிய கையையும். மிஞ்சியது ஒரு வரி:

‘இந்த லேஸைப் பின்னியவர் ________.’

நாளை அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கோடிட்ட இடத்தை நீங்களே நிரப்புங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிரப்புங்கள். என்னால் அது மட்டும்தான் முடியவில்லை.